சின்ன வெங்காயம் மாதிரி ஒன்று

பிப்ரவரி 27, வெள்ளி

இன்று வீடு எரிந்திருக்கும். வழக்கம்போல் பெரிதுபடுத்துகிறேன் என்று பரிதி சொல்லுவான். சொல்லட்டும்.

பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். கூரையில் மாட்டியிருக்கும் புகை மணி வீறிட்டது. ஈரக் குழந்தையைத் துண்டோடு அள்ளிக்கொண்டு ஓடிவந்தால் சமையலறை முழுக்கப் புகை. அடுப்பில் பால் சட்டி கரிக்கட்டையாகக் கிடக்கிறது. அப்பா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் நாற்காலி போட்டு, செல்போனில் செய்தி படித்துக்கொண்டிருந்திருக்கிறார். மணி அடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாராம்.

"இங்கனயே உக்காந்திருக்கீங்க. பால் தீயிற வாடை கூடவாப்பா தெரியல?"

"செய்தியில கண்ணா இருந்துட்டேன்த்தா. ஒரு சட்டிதான போச்சு, விடு."

பேருந்தில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கிற வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர் அப்பா. திண்டுக்கல் வண்டிகளில் அவர் ஏறினாலே நடத்துநர்கள் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். அவ்வளவு கூர்மை. அம்மா போனதிலிருந்து தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், பேத்தியைப் பார்க்கப் போன மாதம்தான் இந்த ஓக்லஹோமாவுக்கு வந்தார். அவருக்கா பால் தீய்ந்தது தெரியவில்லை?

மறதி நோயாக இருக்குமோ. பரிதி வேலைக்காகக் காற்றாலைத் தளத்தில் இருக்கிறான். போனில் சொன்னேன்.

"மங்கை, போன வாரம் பாப்பாவுக்கு மஞ்சக்காமாலைன்ன. அதுக்கு முந்தி உனக்கே தைராய்டுன்ன. இப்ப மாமாவா? எல்லார்கிட்டயும் நோயத் தேடாத. தூங்கு."

தூங்காமல்தான் இதை எழுதுகிறேன்.

மார்ச் 3, செவ்வாய்

அப்பாவுக்குத் தெரியாமல் அப்பாவுக்குப் பரீட்சை வைத்தேன். பழைய தடங்களைக் கேட்டேன். நத்தம் வழி, வத்தலக்குண்டு வழி, எந்த நிறுத்தத்துக்கு அப்புறம் எந்த நிறுத்தம், அந்தக் காலத்துக் கட்டணம் எவ்வளவு. சில்லறைக் காசு வரை சொன்னார். கடைசியில், "எதுக்குத்தா இம்புட்டு விசாரணை, நீ என்ன ஏறுன எடத்த மறைச்சு டிக்கெட் கேக்குறவளா?" என்று சிரித்தார். மறதி இல்லை.

பிறகு என்ன? இன்று பாப்பா துணியிலேயே போய்விட்டு நெடுநேரம் அவர் மடியில் கிடந்திருக்கிறது. மாடிக்குத் துணி மடிக்கப் போன நான் இறங்கிவரும்போது படியிலேயே நாற்றம். அவர் பாட்டுப் பாடிக்கொண்டு ஆட்டிக்கொண்டிருந்தார். பேத்தி என்றால் அருவருப்பு இருக்காதாம், அம்மா சொல்லுவாள்.

இன்னொன்று. பாப்பாவை வாங்கியதும் உச்சியில் மூக்கை வைத்து அப்படியே இருக்கிறார். இழுத்து இழுத்து மோந்து பார்க்கிறார். ஒன்றும் சொல்வதில்லை. நான் சின்னவளாக இருந்தபோது பள்ளி விட்டு வந்ததும் என் உச்சியை முகர்ந்து, "இன்னிக்கு கிளாஸ்ல இல்ல, வேப்ப மரத்தடியில இருந்திருக்கா" என்று கண்டுபிடிப்பார். பாப்பாவைப் பற்றி அப்படி ஒரு சொல் இல்லை. இவளை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லையோ என்று ஒரு நினைப்பு. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வெந்நீர்க் குடுவை வாங்க வேண்டும். பாப்பாவின் நகம் வெட்ட வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

பக்கத்து வீட்டு லொரெட்டா ஒரு தட்டை மூடி எடுத்துவந்தாள். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருக்கிறாள். அமெரிக்கப் பழங்குடிகளில் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவள். வசந்தம் பிறக்கும்போது காட்டு வெங்காயத்தைத் தோண்டி எடுத்து, முட்டையோடு கிளறி, தேவாலயத்தில் ஊரைக் கூட்டி விருந்து வைப்பார்களாம். அதில் கொஞ்சம் நமக்கு.

அப்பா முகம் அப்படி மலர்ந்து இங்கே நான் பார்த்ததில்லை. சமைக்காத வெங்காயம் கொஞ்சம் கொண்டுவந்திருந்தாள். உள்ளங்கையில் வைத்து உருட்டினார்.

"ஏ மங்கை, இது நம்ம சின்ன வெங்காயமுல்ல! வாலோட கெடக்கு பாரு. எங்க புடுங்குச்சாம், கேளு."

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெரிய புல்வெளியிலேயே, ஓக் என்கிற கருவாலி மரங்கள் ஆரம்பிக்கும் ஓரத்தில் கிடைக்கும் என்றாள் லொரெட்டா. ஆனால் ஒவ்வொன்றையும் நசுக்கி மோந்து பார்க்க வேண்டும், வெங்காய வாசனை இல்லையென்றால் தூக்கி எறிந்துவிட வேண்டும், ஒன்றைக்கூட விடக்கூடாது என்றாள். நான் தமிழில் சொன்னேன். அப்பா தலையாட்டினார்.

அவள் போன பிறகு ஒரே சிரிப்பு. "வெங்காயப் பேட்டைக்குப் பின்னாடி தெருவுல பொறந்தவன் நானு. எனக்கு வெங்காயம் சொல்லித்தருது அந்தம்மா!"

எனக்கும் சிரிப்பு வந்தது. சின்ன வெங்காயப் புளிக்குழம்பு சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று என்றேன். இந்தியக் கடை டல்சா நகரத்தில்தான் இருக்கிறது. அங்கேயும் உறையவைத்த பொட்டலம்தான், வதக்கினால் தண்ணீர் விடும். சும்மா சொன்னதுதான். ஒரு பேச்சுக்கு.

மார்ச் 15, ஞாயிறு

பரிதியோடு சண்டை. அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்றேன். "எதுக்கு? பால் பொங்கினதுக்கா? முதல்ல உன்னத்தான் கூட்டிட்டுப் போகணும்" என்றான். பிறகு மன்னிப்புக் கேட்டான்.

இனி யாரையும் சோதித்துப் பார்க்க மாட்டேன். இது எனக்கு நானே கொடுக்கும் வாக்கு.

மார்ச் 19, வியாழன்

அப்பா ஐசியூவில்.

சாப்பாட்டு மேசையில் என் தட்டு அப்படியே இருக்கிறது. எடுக்கப் பயமாக இருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால்தான் நடந்தது என்று நம்ப முடியும் போலிருக்கிறது.

நேற்று பாப்பாவுக்குத் தடுப்பூசி. பரிதி ஊரில் இல்லை, நானே காரை எடுத்தேன். அப்பா வரவில்லை. "புள்ள ஊசிக்கு அழுகுறத என்னால பாக்க முடியாதுத்தா, நீ போயிட்டு வா" என்றார்.

திரும்பி வந்து கதவைத் திறந்தால் வெங்காயம் வதங்கிய வாசனை. பூண்டு, வெந்தயம், புளி. எந்த ஊரில் நிற்கிறேன் என்று ஒரு கணம் தெரியவில்லை. அப்பாவின் செருப்பில் செம்மண். வேட்டியின் ஓரத்தில் செம்மண். முகத்தில் மட்டும் திருவிழா.

"கையக் கழுவிட்டு வா. உங்கப்பன் வச்ச கொழம்பு. நீ கேட்டேல்ல."

புல்வெளிக்குப் போய்த் தோண்டியிருக்கிறார். பசி பொறுக்காமல் தான் முதலில் சாப்பிட்டும் விட்டார். "உப்பு ஒறப்பு எப்படின்னு நீதான் சொல்லணும்" என்று சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினார். பிசைந்தேன். முதல் கவளத்தை உருட்டினேன். அதற்குள் முழுசாக ஒரு வெங்காயம், வழவழவென்று. வாயருகே கொண்டுபோய்விட்டேன்.

பாப்பா வீறிட்டது. ஊசி போட்ட தொடை வலித்திருக்கும்.

கவளத்தைத் தட்டில் போட்டேன். "ஒரு வாய் நிம்மதியா திங்க விடுறியாடி நீ" என்று திட்டிக்கொண்டேதான் எழுந்து போனேன்.

திட்டினேன்.

பால் கொடுத்து முடிப்பதற்குள் குளியலறையில் வாந்திச் சத்தம். போய்ப் பார்த்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வாயோரம் எச்சில் நூலாக வழிகிறது, அது வழிவதே அவருக்குத் தெரியவில்லை. "கால் மரத்துப்போச்சுத்தா" என்றார். அப்படியே சரிந்து உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வந்தவர்கள் நாடி பிடித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நான் மறக்கப் போவதில்லை.

மருத்துவமனையில் முதலில் மாரடைப்பு என்றார்கள். பிறகு இல்லை என்றார்கள். பெட்டித் திரையில் துடிப்பின் எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஒரு மணி அடித்தது. எங்கள் வீட்டுப் புகை மணி மாதிரியே.

டாக்டர் பெண் கேட்டார்: "கடைசியாக என்ன சாப்பிட்டார்? நீங்களும் அதையே சாப்பிட்டீர்களா?"

புல்வெளியில் தோண்டிய காட்டு வெங்காயக் குழம்பு, நான் சாப்பிடவில்லை என்றேன். அந்தக் கவளம் போயிருந்தால் நானும் விழுந்திருப்பேன். பாப்பா பசிக்கு என்னிடம்தான் பால் குடித்திருக்கும். இல்லை, இதற்கு மேல் எழுத மாட்டேன்.

விஷ முறிவு ஆலோசனைக்காரர்களிடம் டாக்டர் போனில் பேசினார். அந்தச் செடி என்னவென்று தெரிந்தால் மருந்தை நிச்சயமாகக் கொடுக்கலாம் என்றார்கள். மிச்சம் இருந்தால் உடனே கொண்டுவரச் சொன்னார்கள். செய்தி தெரிந்து வேலையை விட்டு ஓடிவந்த லொரெட்டாதான் என்னையும் பாப்பாவையும் வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

தொட்டியருகே ஒரு பையில் மிச்சம் இருந்தது. லொரெட்டா ஒன்றை எடுத்தாள், நகத்தால் கீறினாள், மோந்தாள், வலப்பக்கம் வைத்தாள். அடுத்ததை மோந்தாள், இடப்பக்கம் வைத்தாள். இடப்பக்கக் குவியல்தான் ஏறிக்கொண்டே போனது.

இடப்பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து நானும் கீறிப் பார்த்தேன். வெங்காயத்தின் உருவம். வெங்காயத்தின் தோல், கொஞ்சம் கறுப்பு. உள்ளே அதே வெள்ளை, அதே அடுக்கு. மூக்கில் வைத்தால் ஈர மண், பச்சைப் புல். அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை. என் மூக்குதான் கெட்டுவிட்டதோ என்று வலப்பக்கத்தில் ஒன்றை எடுத்தேன். சுள்ளென்று ஏறியது.

"டெத் கேமஸ்" என்றாள் லொரெட்டா. பெயரிலேயே சாவு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் முளைக்குமாம். வேர், தண்டு, இலை, பூ எல்லாமே விஷமாம். "ஒவ்வொன்றையும் மோந்து பார்க்கச் சொன்னேனே. அவர் தலையாட்டினாரே. நான் அந்தத் தட்டைக் கொண்டுவந்திருக்கவே கூடாது." சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவளைத் தேற்றக்கூட எனக்கு நேரமில்லை. பையோடு ஓடினோம்.

மருந்து போன பிறகு எண் இறங்குவது நின்றது. ஏறவில்லை. நின்றது.

இரவு பரிதி வந்து சேர்ந்தான். குழம்பைச் சட்டியோடு இரண்டு பைகளில் கட்டிக்கொண்டுபோய்ப் போட்டான். தட்டையும். என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ அன்னிக்கே சொன்ன" என்றான். அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 21, சனி

எண் ஏறுகிறது. கண் திறந்தார். "மாப்ள வந்துட்டாரா" என்று கேட்டுவிட்டுத் தூங்கினார்.

நேற்றிலிருந்து ஒரே கேள்வி. பாதி வெங்காயம், பாதி விஷம். உரித்தது அவர். நறுக்கியது அவர். கண்ணில் நீர் வராத வெங்காயத்தை, வாசனையே இல்லாத வெங்காயத்தை, பேட்டைக்குப் பின்னால் பிறந்தவர் எப்படி?

பால் சட்டி. துணி. உச்சி முகர்ந்துவிட்டு ஒன்றும் சொல்லாதது.

காலையில் வீட்டுக்கு வந்தபோது பெருங்காய டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். யாரையும் சோதிக்க மாட்டேன் என்று எழுதிய அதே கையால்.

அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை, விரலால் போர்வையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். டப்பாவைத் திறந்து மூக்குக்கு நேரே பிடித்தேன். திண்டுக்கல்லில் கடையில் கட்டிக்கொண்டு வந்தது. மூடியைத் தளர்த்தினாலே வீடு முழுக்க ஏறும். தாளம் நிற்கவில்லை. இன்னும் பக்கத்தில் கொண்டுபோனேன். மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

வாசலில் நர்ஸ் வந்து நின்றாள். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கடவுளே, இங்கே எதுவும் கசிகிறதா?" என்று கத்தினாள்.

அப்பா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தார்.

டிக்கெட் இல்லாமல் மாட்டியவர்களின் முகத்தை அப்பா நடித்துக் காட்டுவார், நான் சிறுபிள்ளையாக இருந்தபோது. அதுதான் இப்போது அவர் முகத்தில் இருந்தது, நடிப்பில்லாமல்.

மார்ச் 22, ஞாயிறு

"எப்பருந்துப்பா?"

"போன ஐப்பசியில ஒரு காய்ச்சல் வந்துச்சுல்ல. சளிக்காச்சல்னு சொன்னேனே. அதோட போச்சு. ருசியும் பாதி போச்சு."

"ஏன் சொல்லல?"

"நீ மாசமா இருந்த. சொன்னா வயித்துப் புள்ளையோட பிளைட் ஏறி வந்துருவ."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் சொன்னா, கேஸ் அடுப்ப வச்சுக்கிட்டு தனியா இருக்கக் கூடாது, வீட்டப் பூட்டிட்டு கெளம்புங்கம்ப. உங்கம்மா இருந்த வீடுத்தா. இருக்குறவரைக்கும் அங்கன இருக்கணும்னு ஒரு இது."

"லொரெட்டா மோந்து பாக்கச் சொன்னாங்களேப்பா. நான்தான தமிழ்ல சொன்னேன். கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். மூக்கு எதுக்கு, கண்ணு இருக்குல்ல, வெங்காயத்த எனக்குத் தெரியாதான்னு நெனச்சுட்டேன். நீ ராத்திரியெல்லாம் தூங்காம கெடக்க. ஆசையா ஒண்ணு கேட்ட. ஏதாச்சும் ஒண்ணு செஞ்சு குடுப்போம்னு…" நிறுத்தினார். "நீ ஒரு வாய் தின்னியாத்தா?"

"இல்ல."

"நெசமா?"

"நெசமாப்பா. பாப்பா அழுதுச்சு."

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கையைப் பிடிக்கலாம் என்று போனேன். அதற்குப் பதிலாக என் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"நான் கவலப்படுவேன்னு எல்லாரும் எல்லாத்தையும் மறைக்கிறீங்க. ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு சொல்றீங்க. எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சோன்னு நானே நெனச்சேன்ப்பா. தீஞ்ச வாடை எனக்கு மட்டும் அடிக்குதோன்னு நெனச்சேன்."

நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அப்பா திரும்பாமலேயே, "இனிமே மறைக்க மாட்டேன்" என்றார். "நீயும் மறைக்கக் கூடாது. ராத்திரி எதுக்கு அழுகுறேன்னு யாருகிட்டயாவது சொல்லணும். சுவரு மெலிசு இந்த ஊர்ல."

மார்ச் 24, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டார். கஞ்சி. உப்பு எவ்வளவு என்று நான் சொன்னேன்.

ஏப்ரல் 2, வியாழன்

அப்பாவின் மூக்குக்கு ஒரு டாக்டரிடம் நாள் வாங்கியாயிற்று. திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள். நானும் ஒரு டாக்டரிடம் போய்வந்தேன். எதற்கு என்று எழுதவில்லை. பரிதி வண்டியில் காத்திருந்தான். திரும்பும் வழியில் எதுவும் கேட்கவில்லை, டல்சா வரை போய் உறையவைத்த வெங்காயம் ஒரு பொட்டலம் வாங்கினான். பிரிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

ஏப்ரல் 11, சனி

கடைக்குப் போனால் எல்லாவற்றையும் மோந்து பார்க்கிறேன். கொத்தமல்லி, ரொட்டி, பாப்பாவின் சட்டை. ஒரு கிழவர் என்னைப் பார்த்து விலகிப் போனார்.

ஏப்ரல் 30, வியாழன்

பூத்துவிட்டது என்று லொரெட்டா வந்து சொன்னாள். பார்க்க வருகிறாயா என்று தயங்கிக் கேட்டாள். நான் கடப்பாரையோடு கிளம்பினேன். அப்பாவும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

கருவாலி மர ஓரம் முழுக்க. முழங்கால் உயரத்தில் ஒற்றைத் தண்டு, உச்சியில் கொத்தாக வெண்ணெய் நிறத்தில் நட்சத்திரங்கள். குனிந்து பார்த்தால் ஒவ்வோர் இதழின் அடியிலும் பச்சையாக ஒரு பொட்டு. பக்கத்திலேயே காட்டு வெங்காயத்தின் பூ, வெளிறிய ரோஜா நிறம். இப்போது குழந்தைகூடப் பிரித்துச் சொல்லும். மார்ச்சில் இரண்டும் வெறும் புல்.

இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதிர்ச்சியாக இருந்தது. கோபமாகவும் இருந்தது.

கடப்பாரையை ஊன்றினேன். எல்லாவற்றையும் தோண்டிவிட்டால்?

"எத்தனையைத் தோண்டுவாய்?" என்றாள் லொரெட்டா. "கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். வருஷா வருஷம் வரும். எங்கள் முன்னோரை இங்கே துரத்திவிடுவதற்கு முன்னாலும் வந்துகொண்டிருந்தது." புல்வெளி அந்தக் கடைசி வரை வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டேன். அவள் ஒரு வெங்காயப் பூவைக் கசக்கி என்னிடம் நீட்டினாள், பிறகு தன் வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

அப்பா அந்த வெள்ளைப் பூவைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொள்ள முடியாமல் பாப்பாவோடு நின்று பார்த்தார். "நல்லா ஏமாத்திப்புட்ட" என்றார் பூவிடம். "டிக்கெட்டே இல்லாம எங்க வீடு வரைக்கும் வந்துட்ட."

பிறகு பாப்பாவின் உச்சியில் மூக்கை வைத்தார். இழுத்தார். வழக்கம்போல் ஒன்றும் சொல்லவில்லை. பாப்பாவை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

"எங்க, நீ மோந்து சொல்லு. இவ எப்படி மணப்பா? வந்ததுலருந்து தெரிஞ்சுக்கணும்னு கெடக்கேன்."

குனிந்து முகர்ந்தேன். அவருக்கு நல்லதாக ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"தேங்காயெண்ணெ வாசனைப்பா. அப்புறம், நம்ம ஊர்ல மொத மழைக்கு வருமே, அந்த மாதிரி."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். வண்டியில் ஏறியதும் பார்க்கிற பார்வை.

"நேத்தும் இன்னிக்கும் நீ இவளுக்கு எண்ணெயே வைக்கல. மழை வாசனையாம். டிக்கெட்ட எடு."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மறுபடி குனிந்தேன். இந்த முறை நிஜமாகவே மோந்தேன்.

"புளிச்ச பால்ப்பா. காதுக்குப் பின்னாடி வழிஞ்சு காஞ்சிருக்கு. வேர்வை. கொஞ்சம் உங்க சட்டை வாடை. தலை ரெண்டு நாளா குளிக்காத வாடை."

"ம்."

கண்ணை மூடிக்கொண்டார். மூக்கை அதே இடத்தில் மறுபடி வைத்தார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

சொன்னேன்.